கையற்றவர்களின் கைகள்

ஓர் அறை. பச்சை படர்ந்த சுவர். சாமான் எதுவுமின்றி வெறிச்சென்று முன்னால் நீண்டு கிடக்கும் செம்பழுப்பு நிறத் தரை. பின்புறத்தில் ஒரு கட்டில், அதன் பக்கத்தில் மருந்துப் புட்டிகள் வைத்த சிறு மேஜை. வலப்புறத்தில், நமக்கு முதுகைக் காட்டியபடி, உயர்ந்த சாய்மானமுடைய ஒரு பிரம்பு நாற்காலி. மரணம் நிகழ்வது அந்த நாற்காலியில்தான். ஆனால் அதில் அமர்ந்திருக்கிற பெண்ணின் முகம் நமக்குத் தெரிவதில்லை; எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதைக் காட்ட ஓவியன் இசையப் போவதில்லை. அவன் காட்டுவதெல்லாம் அவளைச் சுற்றியும் அவளை விட்டு விலகியும் நிற்கிற மற்றவர்களை. முதியவரான தந்தை கைகளைக் கூப்பிப் பிரார்த்தித்து நிற்கிறார். சிற்றன்னை நாற்காலிப் பக்கம் குனிந்து நிற்கிறாள். முன்னால் ஒரு சகோதரி மடியில் கைகளைக் கோத்து, தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி வெளிறிய முகத்தோடு நம்மை நோக்கி நின்றும் நம்மைக் காணாதவளாக இருக்கிறாள். ஒரு சகோதரன் இடப்புறக் கோடியில் சுவரோரமாக ஒதுங்கி நிற்கிறான். ஒருவரும் மற்றொருவரைப் பார்க்கவில்லை. ஒரே துக்கம் அத்தனை பேரையும் ஓர் அறைக்குள் கூட்டிவைத்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே சிறைப்படுத்தியிருக்கிறது.

நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் முங்க் 1893ஆம் ஆண்டில் தீட்டிய 'நோயறையில் மரணம்' என்ற சித்திரம் இது. நாற்காலியில் இருப்பவள் அவருடைய தமக்கை ஸோஃபி. 1877இல், தன் 15ஆம் வயதில், க்ஷயரோகத்துக்கு இரையானவள். அப்போது முங்க் 14 வயது நிரம்பாத சிறுவர். ஆனால் சித்திரத்தில் சிறுவர் எவரும் இல்லை. அன்று குழந்தைகளாக இருந்த தம்பியையும் தங்கையரையும், தம்மையும்கூட, 1893இல் எந்தப் பிராயத்தில் இருந்தார்களோ அந்தப் பிராயத்தினராகவே முங்க் வரைந்திருக்கிறார். 1889இலேயே காலமாகிவிட்ட தந்தையைத் திரும்ப எழுப்பிக் கொண்டுவந்து, மகளின் நாற்காலிக்கருகில் நிறுத்திப் பிரார்த்திக்கச் செய்திருக்கிறார். ஞாபகப் பிசகால் நேர்ந்ததன்று இது. பதினாறு வருஷங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டதாக ஊரார் கருதிய ஒரு மரணம் அந்தக் குடும்பத்தைப் பொறுத்தமட்டில் இன்னும் முடியவில்லை என்பதையும், அந்த அறையை விட்டு எவருமே வெளியே வராமல் அதற்குள்ளேயே வளர்ந்து பெரியவர்களானார்கள் என்பதையும் சொல்ல, வார்த்தைகளின் உதவியை நாடாத ஒரு கலைஞனுக்கு இதைவிட நேரான வழி ஏது?

இந்தச் சித்திரத்தின் அச்சுப் பிரதியைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் கடைசியில் போய் நிற்பது முகங்களில் அல்ல, கைகளில். கூப்பிய கை, கோத்த கை, தொங்கும் கை: எல்லாம் ஏதோ செய்வன போலத் தோன்றினும், செய்வதற்கு ஒன்றுமில்லாத கைகள். தமிழில் இந்த ஸ்திதிக்கு ஒரு சொல் உண்டு. புறநானூற்றில், ஆதரித்த தலைவன் மாய்ந்தபின் புலவர்கள் வருந்திப் பாடிய செய்யுட்களுக்குத் துறை வகுத்த பழையோர், 'கையறுநிலை' என்று அதற்குப் பெயரிட்டார்கள். செயலற்றுப்போகும் நிலை என்பது அதன் பொருள். துக்கத்தின் இருப்பிடத்தை நெஞ்சு என்று சொல்லியிருக்கலாம், கண் என்று சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்லாமல், அது கையில் இருக்கிறது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அறிந்துகொண்ட கையில் இருக்கிறது என்று கண்டவர்களின் நுட்பத்தை நான் வெகுகாலம் உணராமலே அந்தச் சொல்லை வாசித்துப் போயிருந்தேன்.

என் தாயார் கண்மூடிய அன்று விடியற்காலையில், வீட்டுப் பெண்கள் ஓவென்று அழத் தொடங்கிய அந்தச் சில நிமிஷங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது நெடுநாள் கழித்தே எனக்கு நினைவுக்கு வந்தது. தலைமாட்டில் இருந்த மருந்துப் புட்டியின் மூடியைத் திருகி மூடினேன், பிறகு திறந்தேன், மறுபடியும் மூடினேன். ஒவ்வொரு மூன்று மணிக்கும் ஒரு தடவையாகப் பல வாரங்கள் அந்த மருந்தை அளந்து ஊற்றிப் பழகியிருந்த கை, ஊற்றுவதற்கு இனி அவசியமில்லை என்பதை அறிவு ஏற்றுக்கொண்ட பிறகும் ஏற்க மறுத்து, தன் தொழிலைத் தானே தேடிக்கொண்டிருந்தது. முங்கின் சித்திரத்தில் அந்த மேஜையையும் அதன்மேல் புட்டிகளையும் முதன்முதலில் கண்டபோது, கலையைப் பற்றிய எந்த ஞானமும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஐரோப்பியக் கலைச் சரித்திரத்தில் எக்ஸ்பிரஷனிசம் என்று வழங்கும் இயக்கத்துக்கு ஒரு திட்டமான ஆரம்ப நாள் சொல்ல வேண்டுமானால், 1905ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் கட்டடக் கலை பயின்ற நான்கு மாணவர்கள் சேர்ந்து 'பாலம்' என்ற பெயரில் ஒரு குழுவை அமைத்ததைச் சொல்வார்கள். முங்க் அந்தக் குழுவைச் சேர்ந்தவரல்லர், அதற்கு முன்னோடி. நான் இங்கே பேசப்போகிற கேத்தே கொல்விட்ஸ் அம்மையாரும் எந்தக் குழுவிலும் அடங்காமல் அந்த இயக்கத்தின் ஓரத்தில் தம் போக்கில் நடந்தவர். ஆனால் இயக்கத்தின் ஆதார சுருதி இவர்களிடத்தில்தான் தெளிவாகக் கேட்கிறது. புறவுலகத்தின்மேல் வெளிச்சம் விழுந்து கணத்துக்குக் கணம் மாறும் அழகை, அதற்கு முந்திய தலைமுறையின் இம்ப்ரெஷனிஸ்டுகள் கண்ணால் பிடித்தார்கள். இவர்களோ, உள்ளே நிகழும் வேதனை புறவுலகத்தின்மேல் விழுந்து அதன் உருவத்தையும் வர்ணத்தையும் எவ்வாறு கோணலாக்குகிறது என்பதைப் பிடிக்க முயன்றார்கள். சாவு வீட்டில் சுவர் பச்சையாக இருப்பது சுவரின் குணம் அன்று.

மரணத்தையும் பிரலாபத்தையும் ஐரோப்பிய ஓவியர்கள் இவர்களுக்கு முன் அறியாதவர்களும் அல்லர். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்திய மரியாளை நூற்றாண்டுக் கணக்கில் வரைந்தவர்கள் அவர்கள். அந்த மரபில் எக்ஸ்பிரஷனிஸ்டுகள் விசேஷ பக்தியோடு திரும்பிப் பார்த்தது, மாத்தியாஸ் குரூனவால்ட் என்ற ஜெர்மானிய ஓவியர், தோல் எரிந்து அழுகும் கொடிய நோயால் வாடியவர்களைப் பராமரித்த ஒரு மடத்துக்காக, சுமார் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்த ஈஸன்ஹைம் பலிபீடச் சித்திரத்தை. முதல் உலகப் போரின்போது அது மியூனிச் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டு, போர் முடிந்த வேளையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. தோல்வியிலும் பசியிலும் இருந்த ஜனங்கள் திரள் திரளாகப் போய்ப் பார்த்தார்கள். அதில் சிலுவையில் தொங்குகிற கிறிஸ்துவின் விரல்கள் முட்செடியின் கிளைகளைப் போல வானத்தை நோக்கி விறைத்து விரிந்திருக்கின்றன. கீழே மண்டியிட்ட மக்தலேனாவின் விரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முறுகுகின்றன. அங்கேயும் துக்கம் கையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பீடத்தின் கதவுகளைத் திறந்தால் உள்ளே உயிர்த்தெழுதல் இருக்கிறது. ஒளி மண்டலத்தின் நடுவில் அதே கிறிஸ்து கைகளை உயர்த்தி எழும்புகிறார். முங்குக்கும் கொல்விட்ஸுக்கும் திறப்பதற்கு அப்படி ஓர் உட்கதவு இல்லை. அவர்கள் துக்கத்தின் புறக்கதவோடு நின்றுவிட்ட தலைமுறையினர்.

*

ஸோஃபியின் மரணத்தை முங்க் முதன்முதலாகக் கையிலெடுத்தது 1885இல், தமது 22ஆம் வயதில். 'நோயுற்ற குழந்தை' என்று அது இன்று வழங்குகிறது. அந்தக் காலத்து நார்வேயில் நோய்ப்படுக்கைச் சித்திரங்களுக்குக் குறைவில்லை. க்ஷயரோகம் வீட்டுக்கு வீடு புகுந்திருந்த தேசத்தில் தலையணைமேல் சாய்ந்த வெளிறிய முகம் ஓவியர்கள் எல்லாருக்கும் பழகிய விஷயம். முங்குக்கு ஆசான் ஸ்தானத்தில் இருந்த கிறிஸ்டியன் குரோக், தாமும் ஒரு சகோதரியை அதே நோய்க்குப் பறிகொடுத்தவர், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே 'நோயுற்ற பெண்' என்றொரு சித்திரத்தை எழுதியிருந்தார். அதில் அந்தச் சிறுமி நேரே நம் கண்ணைப் பார்க்கிறாள்; கம்பளியின் இழையும், நகக்கண்ணின் நிறமும், கையில் பிடித்த வாடும் ரோஜாவிலிருந்து உதிர்ந்த இதழும் அவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன. உயர்ந்த சித்திரம் அது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் அதன் முன் நிற்கும்போது, நோயாளியைப் பார்த்துவரப் போன விருந்தினனாகத்தான் நான் நிற்கிறேன்.

முங்கின் சித்திரத்தில் விருந்தினனுக்கு இடம் இல்லை. பெரிய வெண்தலையணையில் சாய்ந்திருக்கும் செம்பட்டைக் கூந்தல் சிறுமி, நம்மைப் பாராமல், வலப்புறத்தில் கறுத்துத் தொங்கும் திரைச்சீலைப் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறாள். அவளருகில் உட்கார்ந்த ஸ்திரீயின் தலை அத்தனை தூரம் குனிந்திருப்பதால் வகிடெடுத்த உச்சந்தலை தவிர முகம் தெரியவில்லை. அந்த ஸ்திரீக்கு மாதிரியாக அமர்ந்தவள், தாயில்லாத அந்தக் குழந்தைகளை வளர்த்த சிற்றன்னை காரென். சித்திரத்தின் நட்டநடுவில் இருவர் கைகளும் சந்திக்கின்றன. சந்திக்கின்றன என்பது நம் ஊகமே. ஏனெனில் அந்த இடத்தில் விரல் என்றும் உள்ளங்கை என்றும் பிரித்தறிய ஒன்றுமில்லை, வர்ணம் குழம்பிய ஒரு கறைதான் இருக்கிறது. கைகளை வரைய அறியாத ஓவியன் அல்ல முங்க். போகிறவளின் கை எங்கே முடிகிறது, இருக்கிறவளின் கை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத கடைசி ஸ்பரிசத்தை விரல் எண்ணி வரைந்து காட்டினால், அது பொய்யாகிவிடும்.

ஏறத்தாழ ஒரு வருஷம் அந்த ஒரே துணியோடு முங்க் போராடினார். வர்ணத்தைப் பூசினார், காய்ந்தபின் சுரண்டினார், சுரண்டின இடத்தில் மறுபடி பூசினார். கத்தியாலோ தூரிகையின் கட்டைப் புறத்தாலோ கீறிய கோடுகள் இன்றும் அதன்மேல் மேலும் கீழுமாக ஓடுகின்றன. கண்ணீர் திரையிட்ட விழிகளுக்கிடையில் ஒரு காட்சியைப் பார்ப்பது போன்ற பிரமையை அவை தருகின்றன. 1886ஆம் ஆண்டு கிறிஸ்டியானியா நகரத்தின் இலையுதிர் காலக் கண்காட்சியில், 'ஆய்வுப் படம்' என்ற அடக்கமான பெயரோடு அது தொங்கியபோது, பார்த்தவர்களில் பலர் ஏளனம் செய்தார்கள். முடிக்கப்படாத வேலை என்றார்கள். அந்தக் கண்டனத்தில், அவர்கள் அறியாமலே, ஓர் உண்மை இருந்தது. முடிக்கப்படாதது சித்திரம் அல்ல, துக்கம். முடியாத ஒன்றைப் பற்றிய சித்திரம் முடிந்ததாகத் தோன்றினால் அதுவன்றோ குறை?

முங்கின் பிற்கால வாழ்க்கையே இதற்குச் சாட்சி. அந்தச் சித்திரத்தை அவர் ஆசான் குரோகுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தபின் அதை மறந்திருக்கலாம். ஆனால் 1896இல் மறுபடி எழுதினார். 1907இல் இரண்டு முறை எழுதினார். பிறகு 1920களில், அறுபது வயதைக் கடந்தபின், இரண்டு முறை எழுதினார். ஆக நாற்பது ஆண்டுகளில் ஆறு முறை, ஒரே தலையணை, ஒரே குனிந்த தலை, ஒரே குழம்பிய கைகள். இவை தவிர, செதுக்குத் தகட்டிலும் கல்லச்சிலும் செய்தவை வேறு. பழம் புகழை விற்றுப் பிழைக்கும் வழி என்று இதைச் சொன்னவர்களும் உண்டு. திவசம் செய்கிற ஒருவனைப் பார்த்து, சென்ற வருஷந்தான் செய்தாயே, மறுபடியும் ஏன் என்று கேட்பதற்கு ஒப்பானது அந்தப் பேச்சு. ஸோஃபி உயிர் நீத்த பிரம்பு நாற்காலியை முங்க் தம் ஆயுள் முழுதும் தம்மிடமே வைத்திருந்தார். 1944ஆம் ஆண்டு ஜனவரியில், 80 வயதில் அவர் இறந்தபோது அது அவருடைய உடைமைகளில் ஒன்று.

ஸோஃபிக்கு முன்பே அந்த வீட்டில் இன்னொரு மரணம் நேர்ந்திருந்தது. 1868ஆம் ஆண்டு டிசம்பரில், முங்குக்கு ஐந்து வயது நிரம்பிய அதே மாதத்தில், தாய் லௌரா அதே க்ஷயரோகத்தால் காலமானாள். அன்று ஸோஃபிக்கு ஆறு வயது. முப்பது ஆண்டுகள் கழித்து அதை முங்க் 'இறந்த தாயும் குழந்தையும்' என்று எழுதினார். பின்னால் படுக்கையில் தாயின் உடல் அசைவற்றுக் கிடக்கிறது. முன்னால், அதற்கு முதுகைக் காட்டி, ஒரு சிறுமி நம்மைப் பார்த்து நிற்கிறாள், தன் இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு. எதைக் கேட்காதிருக்கப் பொத்துகிறாள்? இறந்தவள் பேசப் போவதில்லை. அறையில் நிலவும் நிசப்தத்தைத்தான் அந்தக் குழந்தை தாங்க முடியாமல் பொத்துகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. தாயைப் பிடித்துக்கொள்ளப் பழகிய இரண்டு கைகள், பிடிக்க ஆளில்லாமல் போன முதல் கணத்தில், தன் தலையையே பிடித்துக்கொள்கின்றன.

*

வியன்னாவின் எகோன் ஷீலே மரணத்தை வேறொரு சுருதியில் பாடினார். 1915இல் அவர் தீட்டிய 'மரணமும் கன்னியும்' என்ற சித்திரத்தில், கசங்கிய வெண்துணியின்மேல் ஒரு பெண், துறவியின் அங்கி போன்ற கருநிற ஆடையணிந்த ஓர் ஆடவனைத் தழுவிக்கொண்டிருக்கிறாள்; அவன் முதுகைச் சுற்றிய அவள் கைகளின் விரல்கள் இறுகப் பற்றாமல், கொக்கியைப் போல லேசாகத் தொற்றி நிற்கின்றன, இதோ நழுவப் போகிறோம் என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு. பிரியப்போகிற காதலை மரணத்தின் வேஷத்தில் காட்டிய சித்திரம் அது. மூன்றே ஆண்டுகளில் வேஷம் கலைந்தது. 1918ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி, உலகத்தையே வாரிக்கொண்டு போன இன்ஃப்ளுயன்ஸா ஜுரத்தில், ஆறு மாதக் கர்ப்பிணியான அவர் மனைவி ஈடித் மாண்டாள். மாள்வதற்கு முந்தின நாள் அவளை ஷீலே கரிக்கோட்டில் வரைந்தார். அதுவே அவருடைய கடைசிச் சித்திரங்களில் ஒன்று. 31ஆம் தேதி அவரும் அதே ஜுரத்தால் இறந்தார், வயது 28. துக்கம் காப்பதற்கு அவருக்கு வாய்த்த அவகாசம் மூன்று நாள்.

கேத்தே கொல்விட்ஸுக்கு வாய்த்தது முப்பது ஆண்டுகள்.

பெர்லின் நகரத்தின் உழைப்பாளர் பேட்டையில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ஒரு டாக்டரின் மனைவி அவர். கணவரைத் தேடி வந்த பெண்களின் கர்ப்பமும் பட்டினியும் பிள்ளைச் சாவும் அவருடைய செதுக்குத் தகடுகளில் ஏறின. 1903இல் அவர் 'இறந்த குழந்தையுடன் பெண்' என்ற ஒரு படத்தைச் செதுக்கினார். சம்மணமிட்டு உட்கார்ந்த, ஆடையற்ற, பெருத்த ஒரு ஸ்திரீ, உயிரற்ற பிள்ளையை விலங்கு தன் குட்டியைக் கவ்வுவது போல நெஞ்சோடு அமுக்கி, அவன் மார்பில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். மாதிரி வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லாதபடியால், கண்ணாடி முன் தாமே உட்கார்ந்து, தம் இளைய மகன் ஏழு வயதுப் பீட்டரை மடியில் போட்டுக்கொண்டு அதை வரைந்தார். பாரம் தாளாமல் தாய் முனகியபோது, படம் அழகாக வரும் என்று சொல்லி அந்தப் பிள்ளை அவரைத் தேற்றினானாம்.

பதினோரு ஆண்டுகள் கழிந்தன. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டில் போர் மூண்டபோது பீட்டருக்கு 18 வயது. தொண்டனாகப் போர்முனைக்குப் போகத் துடித்தான். சட்டப்படி தகப்பனாரின் அனுமதி வேண்டும்; தகப்பனார் கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசி, கணவரின் மனத்தை இளக்கி, அந்த அனுமதியைப் பெற்றுக் கொடுத்தவர் தாயேதான். அக்டோபர் 22ஆம் தேதிக்கும் 23ஆம் தேதிக்கும் இடைப்பட்ட இரவில், பெல்ஜியத்தில், டிக்ஸ்மய்ட் ஊருக்கு அருகில், பீட்டர் கொல்லப்பட்டான். மற்றத் தாய்மார்களின் துக்கத்துக்கும் இந்தத் தாயின் துக்கத்துக்கும் உள்ள பேதம் இங்கேதான் இருக்கிறது. அவர் கை செயலற்றுப்போன கை மட்டுமன்று; கடைசியாக ஒரு காரியம் செய்து, அந்தக் காரியத்தின் பலனைப் பார்த்துவிட்ட கை. பிள்ளையை வாரியணைத்து மாதிரியாக அமர்ந்த அதே கை, அவனை விட்டுக்கொடுத்த கையும் ஆயிற்று.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே மகனுக்கு ஒரு ஞாபகச் சின்னம் செய்ய அவர் சங்கற்பம் செய்துகொண்டார். இறந்த மகன் நீட்டிக் கிடக்க, தலைமாட்டில் தகப்பனும் கால்மாட்டில் தாயும் இருப்பதாக முதலில் எண்ணினார். வருஷக் கணக்கில் களிமண்ணைப் பிசைந்தார், பிசைந்ததைக் கலைத்தார், 1919இல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பிறகு, போரைப் பற்றி ஏழு மரச்செதுக்குப் படங்கள் கொண்ட ஒரு வரிசையை வெட்டினார். செதுக்குத் தகட்டின் மெல்லிய கோடுகளை விட்டு, உளி விழுந்த இடம் வெளுப்பும் விழாத இடம் கறுப்புமாக இரண்டே நிறத்தில் பேசும் மரத்துக்கு அவர் வந்தது, சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளை 1920இல் கண்ட பிறகு. அந்த வரிசையில் 'பெற்றோர்' என்ற படம், மண்டியிட்ட இரண்டு பேர் ஒரே கரும்பாறையாக இறுகிப்போனதைக் காட்டுகிறது. அவள் அவன்மேல் சாய்ந்து முகமின்றிக் கிடக்கிறாள். அவன் ஒரு கையால் அவளைத் தாங்கி, மறு கையால் தன் முகத்தை மூடியிருக்கிறான். மூன்றாவது கை இருந்தால் அது எதற்கு உதவும் என்று அந்தப் படத்தின் முன் நிற்பவனால் சொல்ல முடியாது.

ஞாபகச் சின்னத்துக்கு அவர் மறுபடி திரும்பியபோது ஒரு பெரிய மாறுதல் நேர்ந்திருந்தது: மகனின் உருவத்தை எடுத்துவிட்டார். எஞ்சியவர்கள் பெற்றோர் மட்டுமே. முங்க் தமக்கையின் முகத்தை நாற்காலிக்குப் பின்னால் மறைத்தது போல, கொல்விட்ஸ் தம் மகனை முழுமையாகவே மறைத்துவிட்டார். இருவரும் தத்தம் வழியில் வந்து சேர்ந்த இந்த முடிவில், துக்கத்தைப் பற்றிய ஒரு பெரும் உண்மை அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். இறந்தவரைக் கலையால் காட்ட முடியாது. காட்டத் துணிந்தால் பிணத்தையே காட்ட நேரும், அது அவர் அன்று. அவர் இல்லாத இடத்தைச் சுற்றி, இருப்பவர்கள் எந்த உருவத்தில் வளைந்து போனார்கள் என்பதையே காட்ட முடியும். வார்ப்படக்காரன் அச்சின் குழிவைக் கொண்டு விக்கிரகத்தின் வடிவைச் சொல்லிவிடுவது போல, குனிந்த தலையையும் கட்டிய கையையும் கொண்டு அந்த வெற்றிடத்தின் வடிவை நாம் அறிந்துகொள்கிறோம்.

1932ஆம் ஆண்டு, மகன் மாண்டு பதினெட்டாவது வருஷத்தில், கருங்கல்லில் வடித்த அந்த இரு பிரதிமைகளும் பீட்டர் புதைக்கப்பட்டிருந்த பெல்ஜிய மயானத்தில் நிறுத்தப்பட்டன. தாயின் முகம் அவருடையது. தந்தையின் முகம் கார்லுடையது.

*

அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஆட்சி நாஜிகள் கைக்குப் போயிற்று. வீரமரணம் என்ற சொல்லை முரசறைந்து பரப்பிய அந்த ஆட்சிக்கு, வெறுமனே துக்கப்படுகிறவர்களைப் பொறுக்க முடியவில்லை. பிரஷ்யக் கலைக் கழகத்துக்கு 1919இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியான கொல்விட்ஸ் 1933இல் அதை விட்டு விலக வற்புறுத்தப்பட்டார். 1937இல் 'சீரழிந்த கலை' என்ற முத்திரையோடு அருங்காட்சியகங்களைக் காலிசெய்யத் தொடங்கியபோது, முங்கின் படைப்புகள் மட்டும் 82 வெளியேற்றப்பட்டன. டிரெஸ்டன் நகரத்துக் காட்சிக்கூடத்தில் இருந்த 'நோயுற்ற குழந்தை'யும் அவற்றுள் ஒன்று. அதை விற்றுக் காசாக்கினார்கள். நார்வே தேசத்தவர் ஒருவர் வாங்கி 1939இல் லண்டன் டேட் கூடத்துக்கு அளித்தபடியால் அது பிழைத்தது. ஒரு சிறுமியின் நோய்ப்படுக்கையில் ஒரு சாம்ராஜ்யத்துக்கு என்ன அபாயம் இருந்தது என்று வியப்பவர்கள், சாவதைப் பெருமையாகக் கொள்ளும்படி இளைஞர்களைப் பழக்குகிறவனுக்கு, ஒரு சாவு நாற்பது ஆண்டுகள் வலிக்கக்கூடியது என்று காட்டும் சித்திரத்தைவிடப் பெரிய விரோதி இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பார்லாக்கின் கதையும் இதுவே. குஸ்ட்ரோ நகரத்துப் பேராலயத்துக்குப் போர் ஞாபகச் சின்னமாக 1927இல் அவர் வெண்கலத்தில் வார்த்தது ஒரு தேவதூதன்: சங்கிலியில் தொங்கி, தரைக்கு மேல் படுத்தவாறு மிதக்கும் உருவம், கண்கள் மூடி, கைகள் மார்பின்மேல் குறுக்காக மடிந்திருக்கின்றன. முகத்தில் கேத்தே கொல்விட்ஸின் சாயல் தாம் நினையாமலே வந்து படிந்துவிட்டதாகப் பார்லாக் சொன்னார். 1937இல் அந்தத் தேவதூதனைக் கழற்றி இறக்கினார்கள், பின்பு உருக்கினார்கள். மறு வருஷம் பார்லாக் இறந்தார். ஆனால் நண்பர்கள் மூல அச்சைக் கொண்டு இரகசியமாக இன்னொன்று வார்த்து ஒளித்து வைத்தார்கள். அது 1952 முதல் கொலோன் நகரத்து அந்தோனியார் ஆலயத்தில் தொங்குகிறது. அதிலிருந்து எடுத்த மற்றொன்று, 1953இல், பழைய இடமாகிய குஸ்ட்ரோவுக்கே திரும்பிப் போயிற்று.

கொல்விட்ஸ் தம் கடைசிக் கல்லச்சுப் படத்தை எழுபது வயதைக் கடந்த நிலையில், இரண்டாம் உலகப் போரின் நடுவில் செய்தார். விதைத் தானியத்தை அரைக்கலாகாது என்பது அதன் பெயர். பஞ்ச காலத்தில், வயிறு காய்ந்தாலும் விதை நெல் கோட்டையைத் தொடாத ஒரு குடியானவ வீட்டின் தருமம் நமக்குத் தெரியும். அந்தத் தருமத்தையே அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். பருத்த கைகளையுடைய ஒரு கிழவி, கூரையைப் போல அவற்றை விரித்து, மூன்று பையன்களைத் தன் அங்கிக்கடியில் அடக்கி வைத்திருக்கிறாள். பையன்களோ, வெளியே போகும் ஆவலோடு எட்டிப் பார்க்கிறார்கள். முங்கின் சித்திரத்தில் குழம்பிக் கரைந்த கை, காதைப் பொத்திய கை, 1914இல் மகனை விட்டுக்கொடுத்த கை, மரப்படத்தில் முகத்தை மூடிய கை, இத்தனைக்கும் பிறகு இதோ ஒரு கை தனக்குரிய காரியத்தைக் கண்டுகொண்டது: போகவிடாமல் பிடிப்பது. துக்கம் பழுத்தால் காவலாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சியை எந்தக் கலையிலும் நான் கண்டதில்லை. ஆனால் அந்தக் காவலும் வென்றதாகச் சொல்ல முடியவில்லை. 1942இல் அவருடைய பேரன், இறந்த சிற்றப்பனின் நினைவாகப் பீட்டர் என்றே பெயரிடப்பட்டவன், ருஷ்யப் போர்முனையில் மாண்டான். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி, போர் முடியச் சில நாட்களே இருக்கையில், அவரும் காலமானார்.

பீட்டர் புதைக்கப்பட்டிருந்த பெல்ஜிய மயானத்துக் கல்லறைகள் பிற்பாடு பக்கத்திலுள்ள விலாட்ஸ்லோ என்ற ஊருக்கு மாற்றப்பட்டன. பிரதிமைகளும் கூடவே போயின. 25,000க்கு மேற்பட்ட ஜெர்மானியச் சிப்பாய்கள் அங்கே ஓக் மரங்களின் நிழலில் கிடக்கிறார்கள்; தரையோடு தரையாகப் பதித்த கற்பலகைகளில், ஒரு பலகைக்கு இருபது பெயராக, அவர்கள் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. எல்லைக் கோடியில், இரண்டு தனிப் பீடங்களின்மேல், நடுவில் இடைவெளி விட்டு, தாயும் தந்தையும் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளி அவர்கள் மகனுக்கு உரியது. தாய் தலையைக் கவிழ்த்து, போர்வைக்குள் ஒடுங்கியிருக்கிறாள். தந்தை முதுகு நிமிர்ந்து, தன் உடம்பையே தன் இரு கைகளாலும் இறுகக் கட்டிக்கொண்டு, முன்னால் உள்ள கற்பலகைகளைப் பார்க்கிறார். அவர் பார்வை விழும் பலகையில் இருக்கிற இருபது பெயர்களில் ஒன்று பீட்டர் கொல்விட்ஸ். கட்டிய அந்தக் கைகள் இனி ஒரு காரியமும் செய்யப் போவதில்லை. அவற்றை அப்படிக் கட்டிவைக்க, வேறு இரண்டு கைகள் பதினேழு ஆண்டுகள் மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தன.